காட்டுவதா, கையில் கொடுப்பதா? நெல்லைச் சீமை அறிவியல் கூடங்களுக்கு மூன்று வழிகள்

அருங்காட்சியகத்திலோ பள்ளியின் அறிவியல் கூடத்திலோ ஓர் அறை காலியாகிறது. இருபதடிக்கு முப்பதடி. கையில் இரண்டு பணியாளர்கள், ஓராண்டுக்கான நிதி. வருகிற பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துவிட்டு மட்டும் போகக்கூடாது என்று குழு முடிவெடுத்துவிட்டது. அதற்கு அடுத்த கேள்வியில்தான் பேச்சு நீள்கிறது. மேடை போட்டுச் செய்முறைக் காட்சி நடத்துவதா? மேசையும் தண்ணீர்க் குழாயும் வைத்து லேப் அமைப்பதா? கூடத்தின் நடுவே ஒரு சக்கர மேசையை நிறுத்தி, வருகிறவர்களை அங்கேயே செய்யவிடுவதா?

எங்கள் பரிந்துரை இது: சக்கர மேசையில் தொடங்குங்கள். அதில் பழகிய ஆளை வைத்து மேடைக் காட்சியைச் சேருங்கள். லேப் கடைசியில் வரட்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். திறப்பு விழாவுக்கு லேப்தான் எடுப்பாக இருக்கும், நிதி கொடுப்பவரும் படமெடுக்கத் தோதாக ஓர் அறை வேண்டும் என்பார். ஆனால் எது நிலைக்கும் என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு விஷயங்கள்தாம்: கூட்டம் எப்படி வருகிறது, தினமும் அதை நடத்தப்போவது யார்.

ஒரு பேருந்து, ஒரு மணி நேரம்

நெல்லைப் பக்கம் பள்ளிச் சுற்றுலா என்றால் ஒரே நாளில் திருச்செந்தூரோ கன்னியாகுமரியோ குற்றாலமோ சேர்ந்தே இருக்கும். நடுவில் அறிவியல் கூடத்துக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். ஒரு பேருந்தில் 55 பிள்ளைகளும் மூன்று ஆசிரியர்களும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லேப்பில் ஒரு நேரத்தில் 24 பேர்தான் முடியும். ஆறு மேசை, மேசைக்கு நாலு பேர். ஐந்தாவது பிள்ளை வந்தால் அது வேடிக்கைதான் பார்க்கும். அமர்த்திச் சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிடம், செய்ய முப்பது, கழுவி வைக்க ஐந்து. ஆக 45 நிமிடம் 24 பேருக்குப் போய்விடுகிறது, மீதி 31 பேர் வராந்தாவில் நிற்கிறார்கள். அடுத்த குழுவுக்கு மேசையைத் தயார் செய்ய இன்னும் 20 நிமிடமாவது வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் இது அடங்காது.

மேடைக் காட்சியில் 55 பேரும் 20 நிமிடத்தில் பார்த்து முடிப்பார்கள். ஆனால் ஒருவர் கையிலும் எதுவும் பட்டிருக்காது.

சக்கர மேசையில் எட்டுப் பேர் சுற்றி நிற்கலாம், ஒரு செய்முறைக்கு ஐந்தாறு நிமிடம். ஒரே மேசையில் 55 பேரைக் கடத்த ஏழு சுற்று, அதாவது 40 நிமிடத்துக்கு மேல். காத்திருக்கும் பிள்ளைகள் கூடத்தைச் சுற்றி ஓடுவார்கள்.

மூன்றையும் தனித்தனியாக எடைபோட்டால் எதுவும் தேறாது. சேர்த்துப் பார்த்தால் கணக்குச் சரியாக வருகிறது. 27 பேர் மேடைக் காட்சிக்கு, 28 பேர் மேசைகளுக்கு. 20 நிமிடம் கழித்து இடம் மாற்றம். இடையே ஐந்து நிமிடத்தையும் சேர்த்தால் 45 நிமிடத்தில் எல்லாரும் இரண்டையும் முடித்துவிடுவார்கள். இருக்கும் இரண்டு பணியாளரில் ஒருவர் மேடையில், ஒருவர் மேசையில். இரண்டாவது மேசை ஆளில்லாமலே ஓடக்கூடியதாக இருக்க வேண்டும், பக்கத்தில் பள்ளி ஆசிரியர் ஒருவர் நின்றால் போதும் என்கிற அளவுக்கு. அப்படி ஓடும் ஒன்றைப் பின்னால் சொல்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வேறு மாதிரி. தாத்தா, பாட்டி, இடுப்பில் குழந்தை என்று குடும்பம் குடும்பமாக, நேரம் பாராமல் வந்து நேரம் பாராமல் போவார்கள். "அடுத்த ஷோ 11.30-க்கு" என்று பலகை வைத்தால் பாதிப் பேர் அதற்குள் கிளம்பியிருப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு மேசையை மிஞ்ச எதுவுமில்லை.

மேடைக் காட்சி: எது எடுபடும், எது கவிழ்க்கும்

லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் 1825-ல் தொடங்கின. மைக்கேல் ஃபாரடே மெழுகுவர்த்தி ஒன்றை வைத்துக்கொண்டு சிறுவர்களுக்கு வேதியியல் சொன்னது அந்த மேடையில்தான். சபையைக் கட்டிப்போட விலையுயர்ந்த கருவி தேவையில்லை என்பதற்கு அது போதுமான சான்று.

ஆனால் பார்ப்பதால் மட்டும் புரிந்துவிடுவதில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூரின் குழு கல்லூரி இயற்பியல் வகுப்புகளில் நடத்தி 2004-ல் வெளியிட்ட ஆய்வில், செய்முறையை வெறுமனே பார்த்த மாணவர்கள், பார்க்காதவர்களைவிட அடிப்படையை அதிகம் புரிந்துகொள்ளவில்லை என்று தெரிந்தது. செய்வதற்கு முன் "என்ன நடக்கும்" என்று ஊகித்துச் சொல்லவைக்கப்பட்டவர்களிடம் புரிதல் கூடியது. மேடையில் இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. மூன்று விடைகளைச் சொல்லுங்கள். ஒரு விரலா, இரண்டா, மூன்றா என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கட்டும். கை தூக்காதவர் இருக்கக்கூடாது. அதன்பிறகே அடுப்பைப் பற்ற வையுங்கள்.

அடுப்பு என்றதும் நசுங்கும் டப்பாவைத்தான் முதலில் எடுப்போம். காலி அலுமினியக் குளிர்பான டப்பாவில் 15 மி.லி. தண்ணீர், அதாவது ஒரு மேசைக்கரண்டி. இடுக்கியால் பிடித்துச் சூடாக்குங்கள். வாயிலிருந்து ஆவி தடையில்லாமல் வரத் தொடங்கியபின் முழுதாக அரை நிமிடம் விடுங்கள். பிறகு ஒரே வீச்சில் கவிழ்த்து, 10 செ.மீ. ஆழக் குளிர்ந்த நீரில் வாய் முழுகும்படி அமிழ்த்துங்கள். உள்ளேயிருந்த காற்றை ஆவி முன்பே வெளியேற்றிவிட்டது. இப்போது அந்த ஆவியும் நீராகச் சுருங்க, வெளிக்காற்று டப்பாவை அப்பளமாக நொறுக்குகிறது.

இது தோற்கும் வழிகளும் எண்ணிச் சொல்லக்கூடியவைதாம். அரை நிமிடம் பொறுக்காவிட்டால் உள்ளே காற்று தங்கிவிடும், டப்பா லேசாகக் கன்னம் வற்றுவதோடு சரி. தண்ணீர் முழுக்கச் சுண்டிவிட்டால் வெளிப்பூச்சு கருகிப் புகையும், அடி இளகும். பக்கவாட்டில் போட்டால் வாய் மூடாது, காற்று உள்ளே புகுந்து காரியம் கெடும். இரும்புத் தகர டப்பா சுவர் தடித்தது, அது அசையாது. சித்திரை, வைகாசியில் மாடித் தொட்டித் தண்ணீரே கைபொறுக்காத சூட்டில் வரும். அந்த மாதங்களில் தொட்டியில் ஒரு தட்டுப் பனிக்கட்டி போடாமல் தொடங்காதீர்கள்.

அடுத்தது பாடும் தண்டு. ஒரு மீட்டர் நீளம், 12 மி.மீ. தடிமனுள்ள கெட்டி அலுமினியத் தண்டு. சரியாக நடுவில் இரண்டு விரலால் பிடித்து, மற்றக் கையின் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் வயலின் வில்லுக்குப் பூசும் ரோசினைத் தேய்த்து, நடுவிலிருந்து நுனிவரை அழுத்தி உருவுங்கள். நாலைந்து உருவலில் கூடம் முழுக்கக் கூர்மையான ஓசை எழும். அலுமினியத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 5000 மீட்டர் ஓடுகிறது. ஒரு மீட்டர்த் தண்டில் அது நொடிக்கு ஏறக்குறைய 2500 அதிர்வு. நுனியிலிருந்து கால் பாகத்தில் பிடித்தால் ஒரு ஸ்தாயி மேலே போகும். நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்து இசைத்தூண்களைத் தட்டிக் கேட்ட ஊர்ப் பிள்ளைகளிடம் "நீளம் மாறினால் சுரம் மாறும்" என்று சொல்ல வேறு முன்னுரை வேண்டாம். இங்கே இடைஞ்சல் வியர்வை. ஈரக் கையில் ரோசின் வழுக்கும். உருவுமுன் தண்டையும் கையையும் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த பிறகு தொடங்குங்கள்.

வான் டி கிராஃப் மின்னாக்கி, அதாவது ஓடும் பட்டையால் உலோகக் கோளத்தில் நிலைமின்னூட்டம் சேர்க்கும் கருவி, எல்லாரும் முதலில் கேட்கிற பொருள். தலைமுடி குத்திட்டு நிற்கும் காட்சிக்கு மயங்காதவர் இல்லை. வாங்குமுன் மூன்று விஷயங்களை நினையுங்கள். ஒன்று, காற்றின் ஈரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கோளத்தில் சேரும் மின்னூட்டம் அப்போதைக்கப்போதே கசிந்துவிடும். பட்டையையும் தாங்குகுழாயையும் உலர்த்தியால் சூடாக்கினால் கொஞ்சம் தேறும், அவ்வளவே. மாசி முதல் ஆவணி வரை உலர்ந்த நாட்களில் அதே கருவி அட்டகாசமாக ஓடும். இரண்டாவது, எண்ணெய். தேய்த்து வாரிப் பின்னிய முடி எழும்பாது. மேடைக்கு ஆசையாக ஓடிவந்த பிள்ளை முகம் வாடிப் போகும். மெல்லிய காகித நாடாக் கொத்து ஒன்றைக் கோளத்தின் மேல் ஒட்டிவைத்தால் யார் தலையையும் நம்பியிருக்க வேண்டாம். மூன்றாவது, இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்தில் வரக்கூடாது. அதைக் காட்சிக்கு முன்பே ஒலிபெருக்கியில் சொல்லிவிட வேண்டும்.

திரவ நைட்ரஜனைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். மைனஸ் 196 பாகைக் குளிர், மேடையில் வழிந்தோடும் வெண்புகை, உடைந்து சிதறும் பூ. பார்க்க அருமைதான். கால்நடைக் கருவூட்டலுக்குப் பயன்படும் அதே அலுமினியக் குடுவையில் கொண்டுவரலாம். ஆனால் ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாக விரியும். இருபதுக்கு முப்பதடி, பத்தடி உயர அறையின் கொள்ளளவு 170 கன மீட்டர். அங்கே ஐந்து லிட்டர் ஆவியானால் மூன்றரை கன மீட்டர், அறையில் இரண்டு விழுக்காடு. சன்னல் திறந்திருந்தால் கவலையில்லை. அதே குடுவையை எட்டடிக்கு எட்டடிச் சாமான் அறையில் வைத்துப் பூட்டி, பத்து லிட்டர் கசிந்தால் ஆக்சிஜன் 15 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். உள்ளே போகிறவருக்கு எந்த வாசனையும் எச்சரிக்கையாக வராது, சுருண்டு விழக்கூடும். எனவே குடுவை இருக்க வேண்டிய இடம் கூரையுள்ள திறந்த வராந்தா. அதன் தளர்மூடியைத் தவிர வேறெதையும் வைத்து வாயை அடைக்கக்கூடாது. செருப்புக் காலோடு ஊற்றக்கூடாது. யாருக்கும் அதில் நனைத்த தின்பண்டம் கொடுக்கவே கூடாது. "புகை பிஸ்கட்" குறித்து 2024-ல் தமிழக உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரித்ததை நினைவில் கொள்ளுங்கள். சுருக்கமாக, முதல் ஆண்டில் இது வேண்டாம்.

மேடை அமைப்பில் பணம் போகவேண்டிய இடம் கருவியல்ல, கண்ணும் காதும். உள்ளங்கையைவிடச் சிறிய எதுவும் நாலாம் வரிசைக்குத் தெரியாது. மேசைக்கு மேல் ஒரு கைப்பேசியைத் தாங்கியில் கட்டித் தொலைக்காட்சித் திரையில் இணையுங்கள். விளக்குநருக்குச் சட்டையில் மாட்டும் மைக் கட்டாயம், ஏனென்றால் இரண்டு கையும் வேலையில் இருக்கும். முதல் வரிசைக்கும் மேசைக்கும் இரண்டரை மீட்டர் இடைவெளி, தரையில் மஞ்சள் கோடு. சுடர், புகை, சோப்புக் குமிழி எல்லாவற்றுக்கும் மின்விசிறி பகை. அதை நிறுத்தினால் பிள்ளைகள் வெந்துபோவார்கள். விசிறி நிற்கவேண்டிய செய்முறைகளை அடுத்தடுத்து வைத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்குள் முடித்து மறுபடி போட்டுவிடுங்கள்.

லேப்: பலன் அதிகம், பசியும் அதிகம்

தானே அளந்து, தானே தப்புச் செய்து, மறுபடி செய்து பார்க்கும் பிள்ளைக்குக் கிடைப்பதை வேறெந்த வடிவமும் தராது. அதில் எங்களுக்கு ஐயமே இல்லை. இந்தச் சீமைக்கென்றே பொருந்துகிற ஒரு செய்முறையைச் சொன்னால் ஏன் என்று விளங்கும்.

தாமிரபரணி ஆற்றுத் தண்ணீருக்கும் வள்ளியூர், ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்கும் உள்ள வேறுபாட்டைச் சோறு வடிப்பவர்களும் துணி துவைப்பவர்களும் அறிவார்கள். அதை எண்ணாக மாற்றலாம். பள்ளிக்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள்: ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுத் தண்ணீர் அரை லிட்டர், போத்தலில் ஊர்ப்பெயரும் "ஆறு, கிணறு, போர்" என்ற குறிப்பும். போத்தலைச் சோப்புப் போட்டுக் கழுவக்கூடாது, அதே தண்ணீரால் மூன்று முறை அலசினால் போதும்.

சோப்புக் கரைசல்: ஐந்து கிராம் துணி சோப்பைச் சீவி, பேட்டரி கடையில் கிடைக்கும் வாலை வடிநீர் 100 மி.லி.யில் சூடாக்கிக் கரையுங்கள். ஆறினால் கெட்டிப்படும், ஆகவே வெதுவெதுப்பாகவே வையுங்கள். இங்கேதான் பெரும்பாலான இடங்களில் செய்முறை கவிழ்கிறது. கடையில் "துணி சோப்பு" என்று கேட்டால் கொடுக்கும் கட்டிகளில் பல டிடர்ஜென்ட். அது, சோப்பு எளிதில் நுரைக்காத கடினநீரிலும் நன்றாகவே நுரைக்கும், எல்லா ஊர்த் தண்ணீரும் ஒன்றுபோலத் தெரியும். உறையில் டிடர்ஜென்ட் கேக் என்றிருந்தால் விட்டுவிடுங்கள். எண்ணெயும் காரமும் சேர்த்துக் காய்ச்சிய பழைய வகைச் சோப்புதான் வேண்டும்.

மூடியுள்ள 100 மி.லி. கண்ணாடிப் போத்தலில் 20 மி.லி. மாதிரி நீர். சொட்டுக்குழாயால் ஐந்து சொட்டு, மூடி, பத்து எண்ணும்வரை குலுக்கல், மேசையில் வைத்துப் பார்த்தல். ஒரு செ.மீ. உயர நுரை அரை நிமிடம் நின்றால் முடிந்தது. நிற்காவிட்டால் இன்னும் ஐந்து சொட்டு. ஒருவர் அளக்க, ஒருவர் குலுக்க, ஒருவர் நேரம் பார்க்க, ஒருவர் எழுத, நாலு பேருக்கும் வேலை உண்டு. அடுத்த மாதிரிக்கு வேலையை மாற்றிக்கொள்ளட்டும். மழைநீர் சில சொட்டுகளிலேயே நுரைக்கும். போர்த் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுங்கிவிட்டு வெள்ளைத் திரிதிரியாக மிதக்கும். அந்தத் திரிதான் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து உண்டாக்கிய கரையாத உப்பு. அவை தீர்ந்த பிறகே சோப்பு நுரைக்கும்.

இதற்கு மேலும் போகலாம். அதே போர்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, வடிகட்டிச் சோதித்தால் சொட்டு எண்ணிக்கை குறைகிறதா? குறைந்தால் அது பைகார்பனேட்டால் வந்த தற்காலிகக் கடினம், சட்டிக்குள் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். குறையாவிட்டால் சல்பேட், குளோரைடு. கடலோரத்து உவரி, கூடங்குளம் மாதிரிகளில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். உப்பு அதிகமானாலும் நுரை எழாது, அங்கே சொட்டுக் கணக்கு கடினத்தை மட்டும் காட்டுவதாகச் சொல்லக்கூடாது. குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500 மொத்தக் கடினத்துக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை என்றும் வரம்பு வைக்கிறது. சில மாதிரிகளைக் கடினநீர்ச் சோதனைக் கிட்டால் பணியாளர் அளந்து வைத்தால், சொட்டுகளை அந்த அளவோடு பொருத்தலாம். முடிவுகளைச் சுவர் வரைபடத்தில் ஊர் ஊராக ஒட்டுங்கள். ஓராண்டில் அதுவே கூடத்தின் சிறந்த காட்சிப்பொருளாகிவிடும். எங்கள் ஊர் எங்கே என்று ஒவ்வொரு பிள்ளையும் தேடும்.

இவ்வளவுக்கும் ஈடாக லேப் கேட்பவற்றையும் பாருங்கள். ஒரு விளக்குநர், இரண்டு உதவியாளர். 30 பாதுகாப்புக் கண்ணாடி, ஒவ்வொரு குழுவுக்குப் பின்னும் அவற்றைக் கழுவ ஒருவர். 75 செ.மீ. உயர மேசைகள், தரைக்கு வழுக்காத ஓடு, இரண்டு குழாயுள்ள தொட்டி, தண்ணீர் தட்டினாலும் ஓடும் ஏற்பாடு. ஒரு நாளைக்கு நாலைந்து குழு, அதிகம் போனால் 120 பேர். மேடை அதே நாளில் அதைப்போலப் பல மடங்கு பேரைப் பார்க்கும். அதோடு சேர்த்து முதலில் சொன்ன கணக்கு: மீதி 31 பேருக்கு வேறு வேலை தராமல் லேப் மட்டும் தனியாக ஓடாது. நிதி இறுகினால் முதலில் வெட்டுப்படுவது உதவியாளர் சம்பளம். அன்று முதல் லேப் பூட்டிக் கிடக்கும்.

சக்கர மேசை

சான் பிரான்சிஸ்கோவில் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் 1969-ல் எக்ஸ்ப்ளோரட்டோரியத்தைத் திறந்தபோது, தொடாதே என்ற பலகைக்கு அங்கே இடமில்லை. நம் நாட்டில் தேசிய அறிவியல் அருங்காட்சியகங்களின் கவுன்சில் 1978-ல் அமைந்தது. நெல்லையில் 1987 முதல் இயங்கும் மாவட்ட அறிவியல் மையம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பொத்தானை அழுத்தினால் ஓடும் காட்சிப்பொருள்களுக்குப் பழகிய பார்வையாளர் இங்கே நிறையப் பேர். சக்கர மேசை அவர்களை அடுத்த படிக்கு அழைத்துப் போகிறது, ஏனென்றால் எதிரே ஒரு மனிதர் நிற்கிறார், திருப்பிக் கேட்கலாம்.

120 செ.மீ. நீளம், 60 அகலம், 80 உயரம். விளிம்பில் இரண்டு செ.மீ. தடுப்பு, இல்லாவிட்டால் சிந்துவதெல்லாம் காலில் விழும். பூட்டுள்ள நாலு சக்கரம். கீழ்த்தட்டில் கழிவுநீருக்கு 20 லிட்டர் கேன். ஒரு செய்முறைக்கு ஒரு மூடிப்பெட்டி, மூடியின் உட்புறத்தில் பொருள்பட்டியல். பெட்டியை எடுத்தால் பத்து நிமிடத்தில் மேசை தயார். இதற்கு அறையே வேண்டாம் என்பது பெரிய வசதி.

முதல் பெட்டி மஞ்சள் காகிதம். ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூளை 50 மி.லி. சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கலக்கி வடித்து, வெள்ளைத் தாளை நனைத்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் நிறம் வெளிறும். ஒரு ஏ4 தாளில் ஒரு செ.மீ.க்கு ஐந்து செ.மீ. துண்டுகள் நூறு கிடைக்கும். எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணீர், சோப்புத் தண்ணீர், சுண்ணாம்புத் தெளிநீர் நான்கையும் கிண்ணத்தில் வைத்து, எது சிவக்கும் என்று முதலில் கேளுங்கள். ஆரத்தி கரைத்த வீட்டுப் பெண்கள் பட்டென்று சொல்லிவிடுவார்கள். பேரப்பிள்ளைக்கு முன்னால் பாட்டி விடை சொல்லும் அந்த நேரம் மேசைக்கு மட்டுமே வாய்ப்பது. ஆப்பச் சோடா வைக்காதீர்கள். அதன் காரம் மஞ்சள் நிறம் மாறும் எல்லையிலேயே நிற்பதால் ஒருவருக்குச் சிவப்பு, ஒருவருக்கு மஞ்சள் என்று சண்டை வரும். சலவைச் சோடா தெளிவாகச் சிவக்கும். பாக்கெட் தூளில் சாயம் கலந்திருந்தால் மாற்றம் மங்கும், விரலிமஞ்சளை வாங்கி அரைத்துக்கொள்வது நல்லது.

அங்கிருந்து பதநீருக்குப் போவது ஒரே எட்டு. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவது ஏன்? காரம் ஏறிய சாற்றில் ஈஸ்ட் பெருக முடியாது, சர்க்கரை கள்ளாகாமல் நிற்கிறது. உடன்குடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீட்டுக்குள் நடப்பதற்குக் காரணம் கிடைக்கிறது. சுண்ணாம்புத் தெளிநீரைக் கண்ணில் தெறிக்கவிடக்கூடாது. அதனால் கிண்ணத்தில் 5 மி.லி.க்கு மேல் ஊற்றாமல், கண்ணாடி மாட்டிய பிறகே தொடவிடுங்கள்.

இரண்டாவது பெட்டி காந்தமும் மணலும். கட்டட வேலைக்கு வந்த மணலில் இருந்து ஒரு பிடி போதும். காந்தத்தைப் பாலித்தீன் உறைக்குள் போட்டு அதன் மேல் உருட்டினால் கருந்துகள் ஒட்டும், உறையிலிருந்து காந்தத்தை உருவினால் துகள் உதிரும். உறை இல்லாமல் செய்தால் காந்தத்தைச் சுத்தம் செய்யவே நாள் போய்விடும். கடற்கரைக் கருமணலில் இன்னும் எடுப்பாக இருக்கும்தான். ஆனால் கனிம மணல் எடுப்புக்கு 2013 முதல் தமிழக அரசின் தடை உள்ள நிலையில், பிள்ளைகளைப் பை நிறைய அள்ளிவரச் சொல்லாதீர்கள்.

ஆளில்லாமல் ஓடும் மேசைக்கு வருவோம். காருகுறிச்சி மண்பானை சிறியது நாலைந்து வாங்குங்கள். வெளிப்புறம் ஒரு கோடோ கோலமோ வண்ணத்தில் வரைந்து காயவிடுங்கள். தடித்த துண்டில் இறுகச் சுற்றிச் சுத்தியலால் மூன்று இடத்தில் லேசாகத் தட்டுங்கள். 8 முதல் 12 துண்டு வரவேண்டும். முப்பது துண்டாகச் சிதறினால் பிள்ளைகள் சலித்துப் போவார்கள், அந்தப் பானையை ஒதுக்கிவிடுங்கள். கூர்விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து, தூசியை ஈரத்துணியால் துடையுங்கள். தூசி இருந்தால் மாஸ்க்கிங் டேப் ஒட்டாது. துண்டுகளை நிறுத்திப் பிடிக்க ஒரு தட்டு மணல். நாலு பேர் கூடி ஒட்டிப் பானையை நிறுத்த பத்து நிமிடம் ஆகும், மேடைக் காட்சி நடக்கும் நேரத்துக்கு அது பொருந்துகிறது. ஒரு துண்டை வேண்டுமென்றே எடுத்து வைத்துவிடுங்கள். ஓட்டை விழுந்த இடத்தில் கோலம் எப்படிப் போயிருக்கும் என்று அவர்களே வரையட்டும். தொல்லியலாளர் செய்வதும் அதுதானே.

அகழாய்வு நடந்த ஆதிச்சநல்லூரையோ சிவகளையையோ பற்றிப் பேசும் எந்தக் கூடத்துக்கும் இதைவிடப் பொருத்தமான செய்முறை கிடையாது. கருப்பு-சிவப்புப் பானை எப்படி ஒரே சூளையில் இரு நிறம் பெற்றது என்பதையும் பக்கத்தில் சேர்க்கலாம். காற்றுப் பட்ட வெளிப்புறத்தில் இரும்பு ஆக்சைடு சிவக்கிறது. கவிழ்த்து வைத்த வாய்க்குள் காற்று போகாமல் கரி சேர்ந்த இடம் கறுக்கிறது. இந்த ஒரு வகைக் கூடத்துக்கு மட்டும் எங்கள் வரிசை மாறும். அங்கே மேடைக் காட்சிக்கு அவசரமே இல்லை. நாலு பானை மேசைகளைப் போட்டால் லேப்பும் அதுவே.

மேசையின் குறையையும் சொல்லவேண்டும். விளக்குநர் ஒரே விஷயத்தை நாளெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. நின்றபடி இரண்டு மணி நேரத்துக்கு மேல் யாராலும் முகமலர்ச்சியோடு பேச முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளையோ பெட்டியையோ மாற்றுங்கள். கூட்டம் எட்டுக்கு மேல் போனால் பின்னால் நிற்பவர் கையை நீட்டுவார், ஏதாவது கவிழும். தரையில் எட்டுக் காலடித் தடம் வரைந்து வைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

யாருக்கு எது

ஒரே ஆளை வைத்து ஓடும் பள்ளிக் கூடமோ தனியார் அறக்கட்டளைக் கூடமோ என்றால் இரண்டு மேசை, ஆறு பெட்டி, அதற்கு மேல் போகவேண்டாம். பேருந்துக் கூட்டம் வாரத்துக்கு மூன்றுக்கு மேல் வருகிற இடத்தில் மேடையைச் சேருங்கள். மேசையில் ஆறு மாதம் நின்றவரைத்தான் மேடையில் ஏற்ற வேண்டும். பிள்ளைகள் எங்கே தப்பாக ஊகிப்பார்கள் என்பது அவருக்கு அதற்குள் மனப்பாடமாகியிருக்கும், மூன்று விடைகளை அவரால்தான் சரியாக அமைக்க முடியும். கல்லூரியோடு சேர்ந்த கூடம் என்றால், பாளையங்கோட்டையில் அதற்குக் குறைவில்லை, சனிக்கிழமை மட்டும் கல்லூரி லேப்பைத் திறந்து மாணவர்களை உதவிக்கு வைத்து நீர்ச் சோதனை நடத்தலாம். தனியாக லேப் கட்டுமுன் ஓராண்டு அப்படி ஓட்டிப் பார்ப்பது நல்லது.

பருவத்தையும் திட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனி, ஆடியில் மேல்காற்றும் புழுதியும், அப்போது சுடர் வைக்கும் செய்முறை வேண்டாம். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மின்னாக்கியை உறை போட்டு மூடிவிட்டு, பாடும் தண்டும் நசுங்கும் டப்பாவும். கோடை விடுமுறையில் பள்ளிப் பேருந்து வராது, குடும்பக் கூட்டம் வரும், அப்போது முழுக்க மேசைதான்.

லேப்புக்கான அறையை இப்போதே ஒதுக்கி வைப்பதில் தவறில்லை. குழாயும் வடிகாலும் போட்டுவிடுங்கள், பின்னால் தரையை உடைப்பது செலவு. மேசைகளையும் கண்ணாடிச் சாமான்களையும் மட்டும் வாங்காதீர்கள். இரண்டு உதவியாளர்களின் ஓராண்டுச் சம்பளத்துக்கு எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வந்த பிறகு வாங்கினால் போதும். அதுவரை அந்த அறையில் செய்முறைப் பெட்டிகளை அடுக்கி, தொட்டியில் கிண்ணம் கழுவிக்கொள்ளலாம்.